இரண்டு மங்கு

என் அம்மாவின் முகத்துக்கு ஒரு வயது, கைகளுக்கு இன்னொரு வயது. 72 வயதிலும் அவர் நெற்றியில் ஆழமான கோடு ஒன்று கிடையாது. கன்னம் வழவழவென்று இருக்கும். கையைத் திருப்பிக் காட்டச் சொன்னால் கதை மாறிவிடும். புறங்கை முழுக்க வெடிப்பு, உள்ளங்கை காய்ப்பு, விரல் நுனிகளில் ரேகையே இல்லை. அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில் பெருவிரலை ஐந்தாறு முறை மாற்றி மாற்றி அழுத்தியும் கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் அம்மா தமிழிலேயே சொன்னார்: “ஆசிட்டு தின்னுருச்சு தாயி, என்னா செய்யச் சொல்ற?”

ஒரே உடம்பில் இரண்டு வயது இருப்பதை நாற்பது வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அது எதனால் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் மலேசியாவின் சுங்கை பட்டாணியில் கடை போட்டு, பேர் ஊர் இல்லாத கிரீமை 43 பெண்களுக்கு விற்றிருக்க மாட்டேன்.

நான் பிறந்தது 1969-ல், பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, போய்விடுவார். பள்ளி விடுமுறையில் நானும் அவர் பால் வெட்டும் நிரைக்குப் போவேன். எனக்குக் கொடுத்த வேலை மங்கு துடைப்பது. தமிழ்நாட்டு உறவினர்களிடம் மங்கு என்று சொன்னால் முகத்தில் படரும் கருமையைத்தான் நினைப்பார்கள். எங்களுக்கு மங்கு என்றால் மரத்தில் மாட்டியிருக்கும் பால் கிண்ணம். மலாய்க்காரர்களின் மங்குக் எங்கள் வாயில் மங்கு ஆனது. முதல்நாள் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, தூசி இலை தட்டி, துடைத்து வைக்க வேண்டும். அதன்பிறகுதான் அம்மா உளியை வைப்பார்.

அம்மாவின் வேலை உடுப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, சிலுவார் காற்சட்டைக்கு மேல் கட்டிய கைலி, புருவம்வரை இறக்கி முடிந்த தலைத்துணி, இடுப்பில் புகையும் கொசுவத்தி. எல்லாம் கொசுவுக்கும் பாலுக்கும் பயந்து செய்த ஏற்பாடு. அழகுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் முப்பது வருடம் அந்தத் துணியும், தலைக்கு மேல் கூடி நின்ற ரப்பர் இலையும் அவர் முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டன. வெயில் ஏறி உறைக்கும் நேரத்தில் அவர் பாலைச் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்குள் போயிருப்பார். அந்த ஸ்டோரில்தான் கைகளின் கதை நடந்தது. ஓவர்டைம் காசுக்காக, பாலை உறைய வைக்கும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தட்டுகளில் ஊற்றும் வேலையை அம்மா பல வருடம் செய்தார். பார்மிக் ஆசிட். கையுறை என்ற சொல்லை அந்த நாளில் எங்கள் லயத்தில் யாரும் கேட்டதில்லை.

முகம் தப்பியது, கை மாட்டிக்கொண்டது. தோல் எதைச் சந்திக்கிறதோ அதற்குத் தக்கபடி மூப்படைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நான் அதை “அம்மாவுக்கு நல்ல உடம்புவாகு” என்று சொல்லிக் கடந்துபோனேன்.

1988-ல் தோட்டத்தை விட்டு மின்னணுத் தொழிற்சாலைக்கு வந்தேன். 16 வருடம். அதில் பெரும்பகுதி இரவு ஷிப்ட். குளிர்சாதனக் காற்று முகத்தை உலர்த்தும். காலையில் வீட்டுக்கு வந்தால் சமையல், பிள்ளைகள், துணி. தூக்கம் நாலு மணி நேரம் கிடைத்தால் பெரிது. கண் சொருகும்போதெல்லாம் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக். ஒரு ஷிப்டுக்கு மூன்று கிளாஸ். கல்யாணத்துக்கு முன் 52 கிலோ இருந்தவள் வேலையை விடும்போது 78 கிலோ.

2004-ல் தொழிற்சாலை கொடுத்த காசில் அழகுக்கலை படித்து, ஒரு கடைவீட்டு மாடியில் பார்லர் திறந்தேன். புருவம் திருத்த, பேஷியல் செய்ய, கல்யாணப் பெண் அலங்காரத்துக்கு என்று ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலைப் பெண்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், தோட்டத்திலிருந்து மோட்டாரில் வரும் அக்காமார்கள். கண்ணாடி முன் உட்கார்ந்ததும் எல்லாரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: “வயசாயிருச்சு, கறுத்துப் போயிட்டேன்.”

இந்த இரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரர்களுக்கு வயது முதலில் சுருக்கமாக வரும். நம் தோலில் இருக்கும் கறுப்பு நிறமி வெயிலை ஓரளவு தடுப்பதால் சுருக்கம் பல வருடம் தள்ளிப் போகிறது. ஆனால் அதே நிறமி, வெயில் பட்டாலும் தேய்த்தாலும் பரு வந்து ஆறினாலும் கோபித்துக்கொண்டு திட்டுத் திட்டாகப் படிகிறது. நமக்கு மூப்பு முதலில் எட்டிப்பார்ப்பது கன்னத்து மங்கிலும் கண்ணைச் சுற்றிய கருவளையத்திலும்தான். அதனால்தான் இளமையை விற்கிறவனும் வெள்ளைத்தோலை விற்கிறவனும் நம் ஊரில் ஒரே அலமாரியில் கடை விரிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாக நானும் இருந்தேன். தோட்டத்தில் மங்கு துடைத்தவள், பட்டணத்தில் முகத்து மங்கைத் துடைத்துத் தருவதாகச் சொல்லிப் பிழைத்தேன்.

2014-ல் தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்தக் கிரீம் வந்தது. சின்ன வெள்ளை டப்பா, மஞ்சள் நிறக் கிரீம். மேலே ஒரு பூப்படம். செய்தவர் பெயரில்லை, என்ன கலந்தது என்றில்லை. 25 வெள்ளிக்கு வாங்கி 45 வெள்ளிக்கு விற்கலாம் என்றார். முதலில் நானே பூசிப் பார்த்தேன். பத்தே நாளில் முகம் பளபளத்தது. பதினைந்து வருட மங்கு மங்கலாகி மறைந்தது. கோயிலில் பார்த்தவர்களெல்லாம் “என்னா சிஸ்டர், மகளுக்கு அக்கா மாதிரி இருக்கீங்க” என்றார்கள். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. வாங்கியவர்களின் பெயரை 555 என்ற சின்னக் கணக்கு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் 43 பெயர்.

கிரீம் மட்டுமில்லை. “டாக்டர் பீல்” என்று ஒரு திரவத்தை முகத்தில் தடவித் தோலுரிக்கவும் செய்தேன். தோலுக்குள் போகும் அழகுச் சிகிச்சையை, அதற்கென்று சுகாதார அமைச்சின் சான்று பெற்ற, பதிவுள்ள மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்ற வழிகாட்டு விதிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. எனக்கு அது அரைகுறையாகத் தெரியும். “எல்லாரும்தானே செய்யிறாங்க” என்பதுதான் என்னிடம் இருந்த சான்றிதழ்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கழுத்துக் கருப்புக்கு ஒரு பேக்கேஜ் வைத்திருந்தேன், 35 வெள்ளி. எலுமிச்சைச் சாறும் சீனியும் சேர்த்துப் பிடரியில் கரகரவென்று தேய்ப்பேன். தேய்த்த அன்று சிவந்து கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரியும். மறுமாதம் அதே ஆள், அதே கருப்போடு வருவார். வாடிக்கையாளர் நிலைக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

2017 தொடக்கத்தில் என் முகம் திரும்பியது. முதலில் கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள், சிலந்தி வலை போல. பிறகு வாசலில் துணி காயப்போடப் போனாலே மிளகாய் பூசியதுபோல் எரிச்சல். மூக்கைச் சுற்றிப் பரு. மேலுதட்டில் பூனைமுடி. பயந்துபோய்க் கிரீமை நிறுத்தினால் மூன்றாம் நாள் முகம் வீங்கிச் சிவந்தது. மறுபடி பூசினால் அடங்கியது. அதாவது, நான் கிரீமை வைத்திருக்கவில்லை, கிரீம்தான் என்னை வைத்திருந்தது.

அந்த வாரம் அம்மா வந்திருந்தார். என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரேகையில்லாத அந்த விரல் கன்னத்தில் உப்புத்தாள் போல உரசியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பட்டை சீவுறப்ப உள்ள ஒரு பச்சை இருக்கும். அதுக்கு மேல நூலளவு பட்டைய விட்டுட்டுத்தான் சீவணும். உளி அதைத் தொட்டுச்சுன்னா மரத்துக்குக் காயம். காயம்பட்ட எடத்துல புதுப்பட்டை முடிச்சு முடிச்சாத்தான் வளரும், அப்புறம் அங்க உளியே ஓடாது. நீ ஒன் மொகத்துல காயம் போட்டுட்ட.”

நான் ஒன்றும் பேசவில்லை. அம்மாவே தொடர்ந்தார். “மறுநடவுக்கு வெட்டப்போற கெழட்டு மரத்துக்கு மருந்து தடவுவானுங்க, ஞாபகம் இருக்கா? கொஞ்ச நாளைக்கு மங்கு ரொம்பி வழியும். நம்ம ஆளுங்களும் மரம் நல்லாயிருக்குன்னு நெனப்பாங்க. அப்புறம் பட்டை வறண்டு போயி, கீறுனா சொட்டுப் பால் வராது.”

பிற்பாடு தோல் டாக்டர் ஒருவர் அரை மணி நேரம் விளக்கியதும் இதுதான். இப்படிப்பட்ட பெயரில்லாத கிரீம்களில் அடிக்கடி பிடிபடுபவை நான்கு: பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. பாதரசம் தோல் நிறமியைச் செய்யும் வேலையையே முடக்குகிறது. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முகம் வெளுத்துத் தெரியும், வீக்கமும் பருவும் அடங்கும். ஆனால் உள்தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நாளுக்கு நாள் மெலிகிறது. மெலிந்த தோலுக்குள்ளிருந்து விரிந்த குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன. ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் பூசினால் எதைப் போக்கப் பூசினோமோ அந்தக் கருமையே நீலம் பாய்ந்து நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. இளமைக்கென்று பூசியது என் தோலைப் பத்து வருடம் மூப்படைய வைத்திருந்தது.

கிளினிக் கெசிஹாத்தான் என்னும் சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளி கட்டி, கடிதம் வாங்கி, ஆறு வாரம் காத்திருந்து அரசாங்க மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் தமிழ்ப் பெண், என் மூத்த மகள் வயது இருக்கும். என் முகத்தை அரை நிமிடம் பார்த்தார். பிறகு, “ஆன்ட்டி, கொஞ்சம் திரும்பி முடியத் தூக்குங்க” என்றார்.

“கழுத்துல ஒண்ணும் இல்லம்மா, மொகம்தான்...”

“மொகத்த அப்புறம் பாக்கலாம். கழுத்தக் காட்டுங்க.”

பிடரியில் விரலை ஓட்டினார். வெல்வெட் துணி மாதிரி தடித்த கருப்பு, பக்கத்தில் இரண்டு மூன்று பாலுண்ணி. நான் மற்றவர்களுக்குத் தேய்த்துவிட்ட அதே கருப்பு என் கழுத்திலும் இருந்தது. முடியை விரித்துப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தேன். “கடைசியா ரத்தம் எப்ப எடுத்தீங்க?” என்றார். எடுத்ததே இல்லை. எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.9.

இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதை அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் அணுக்களை வளர்த்துத் தடிக்க வைக்கிறது. அதுதான் கழுத்துக் கருப்பு. அழுக்கே இல்லை, தேய்த்தால் போகாது; தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். இனிப்பு நீரின் முன்னறிவிப்பாக வந்த கருப்பை நான் சீனி கொண்டே தேய்த்திருக்கிறேன், 35 வெள்ளி வாங்கிக்கொண்டு. மலேசியாவில் 2019 தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதிலும் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். என் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டியவர்களில் எத்தனை பேரை நான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம்!

சர்க்கரைக்கும் மூப்புக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. பால்கோவா கிண்டும்போது பாலும் சீனியும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறுகிறதல்லவா? உடம்புச் சூட்டில், வருடக்கணக்கில், அதே மாதிரி ஒன்று நடக்கிறது. ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது. விறைத்த இழை துவளாது, புதுப்பிக்கவும் வராது. ஒரு ஷிப்டுக்கு மூன்று தே தாரிக் என்று 16 வருடம் நான் கிண்டிய பால்கோவா என் முகத்திலேயே இருந்தது.

டாக்டர் கொடுத்த சீட்டில் மருந்தைவிட வாழ்க்கைதான் அதிகம் எழுதியிருந்தது. கிரீமை நிறுத்துவது. எரிந்தாலும் வீங்கினாலும் மறுபடி தொடாமல் இருப்பது. சர்க்கரை மாத்திரை. நடை. ஏழு மணி நேரத் தூக்கம். வாசனையில்லாத சாதாரண ஈரப்பதக் கிரீம். காலையில் சன்ஸ்கிரீன். லேசர் பற்றிக் கேட்டேன். “இந்தத் தோல்ல இப்ப லேசர் வச்சா இன்னும் கறுத்துரும் ஆன்ட்டி. மொதல்ல தோல் ஆறட்டும்” என்றார். ஆற எட்டு மாதம் பிடித்தது. முதல் இரண்டு மாதம் முகமூடி போட்டுக்கொண்டுதான் வெளியே போனேன்.

சன்ஸ்கிரீனை நான் நம்பவில்லை. அது வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைத்தேன். டாக்டர் ஓர் ஆய்வைச் சொன்னார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்தார்கள். ஒரு பிரிவினர் தினமும் சன்ஸ்கிரீன் பூசினார்கள், மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியபோது பூசினார்கள். புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்ததில் தினமும் பூசியவர்களின் தோல் 24 விழுக்காடு குறைவாக மூத்திருந்தது. 2013-ல் வெளியான முடிவு. அதே ஆய்வில் சிலருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் மொத்தத்தில் பலன் எதுவும் தெரியவில்லை. பார்லரில் நான் விற்ற விதவிதமான இளமை மாத்திரைகள் அப்போது நினைவுக்கு வந்தன. “அவங்க வெள்ளைத் தோல்காரங்க, நமக்கு அதே கணக்கு வரும்னு சொல்ல முடியாது. ஆனா மங்குக்கு வெயில்தான் எண்ணெய் ஊத்துது. நமக்குக் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே மங்கைக் கிளப்பும். அதனால இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்க. ரெண்டு விரல் நீளத்துக்குப் பிழிஞ்சு, கழுத்து வரைக்கும் பூசுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவரை வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். 22 வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். வலது கன்னம் கறுத்துத் தடித்து, கண்ணோரம் கோடு கோடாக இருந்தது. இடது கன்னம் அவர் தம்பியுடையது போல இருந்தது. 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது ஓட்டுநரின் படம் வந்து உலகமே பார்த்ததாம். அவருக்கு இடது பக்கம், ஏனென்றால் அங்கே ஓட்டுநர் இருக்கை இடதில். தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. ஆழமாகப் போய்க் கொலாஜனை அரிக்கும் யூவி-ஏ கதிர் பக்கக் கண்ணாடி வழியாகச் சத்தமில்லாமல் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்தப் படம் தினமும் எனக்கெதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறது.

இன்னொரு கணக்கும் எனக்குத் தவறியிருந்தது. உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு என்று பள்ளியில் படித்தோம். 1982 ஜனவரி 1-ல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். நாமோ நாட்டின் மேற்கோரத்தில் இருக்கிறோம். கெடாவில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. தமிழ்ப்பள்ளி விடுகிற அதே நேரம்! பன்னிரண்டு வருடம் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிவர, அரைக்கைச் சட்டையோடு, மோட்டாரில், சரியாக உச்சிவெயிலில் நான் பள்ளி வாசலில் நின்றிருக்கிறேன். “நாலு மணிக்கு மேல வெளிய போங்க” என்றார் டாக்டர். எனக்குப் பிடித்த விதி வேறு: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் நிழலில் நில். அதற்குக் கடிகாரமே வேண்டாம்.

அப்போதுதான் அம்மாவின் தலைத்துணி எனக்குப் புரிந்தது. தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்போங்கில் நெல் நடப்போகும் மலாய்க்கார மக்சிக்கும் நினைவுக்கு வந்தார். முகம் முழுக்க வெள்ளை வெளேரென்று பெடாக் செஜுக் அப்பியிருப்பார். அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு அரைத்துக் காயவைத்த உருண்டை அது. நாங்கள் பிள்ளைகள் பேய் பேய் என்று கத்திக்கொண்டு ஓடுவோம். மாவு கொஞ்சம் தடுத்திருக்கும், அதைவிட அதிகமாக அவருடைய அகன்ற தொப்பியும் முழுக்கையும் தடுத்திருக்கும். வெயிலில் உழைத்த பெண்களுக்கு வெயிலோடு எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்திருக்கிறது. நிழலுக்கு வந்துவிட்டதாக நினைத்த நான்தான் மறந்தேன்.

பழையதெல்லாம் மருந்து என்று சொல்ல நான் வரவில்லை. எலுமிச்சையும் பழையதுதான், அது என் கையால் எத்தனை கழுத்துகளைப் புண்ணாக்கியது! எது எதற்கு என்று பிரிக்கத் தெரிய வேண்டும். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலுக்குத் திரும்பினேன். உலர்ந்த கை கால் தோலுக்கு அது நல்லது, மங்குக்கு ஒன்றும் செய்யாது. பசாரில் விற்கும் பெகாகாவை, அதாவது நம் வல்லாரையை, உலாமாக, பச்சையாகவே சோற்றோடு சாப்பிடுகிறேன். கொரியாக்காரர்கள் அதன் சாற்றைக் கிரீமாக்கி ‘சிக்கா’ என்று விற்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. எங்கள் லயத்துக் கால்வாய் ஓரத்தில் மண்டிக் கிடந்த கீரை விமானம் ஏறிப் போய் விலையோடு திரும்பி வந்திருக்கிறது. தே தாரிக்கை விட்டதுதான் மிகக் கடினம். முதல் மாதம் தலைவலியில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். மாலையில் 40 நிமிடம் நடக்கிறேன். எடை 66-க்கு வந்தது. சர்க்கரை 6.4-க்கு இறங்கியபோது, ஒன்றரை வருடம் கழித்து, கழுத்துக் கருப்பு தானாக இளகியது. அதற்கு நான் எதையும் பூசவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு டாக்டர் ஒரு சின்ன டியூப் எழுதிக் கொடுத்தார். பெயரைப் பார்த்ததும் துணுக்குற்றேன். ட்ரெட்டினோயின். “டாக்டர், இது அந்தக் கள்ளக் கிரீம்ல இருக்கிற சாமான்தானே?” சிரித்தார். பருவுக்கான மருந்தாக இருந்த இதை, வெயிலில் மூத்த தோலுக்கும் உதவும் என்று 1986-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் எழுதினார்கள். இன்றும் சுருக்கத்துக்கும் நிறத்திட்டுக்கும் நம்பிக் கொடுக்கும் மருந்து அதுதான். பயறளவு, இரவில், முதலில் வாரம் இரண்டு நாள், மறுநாள் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. நான் விற்ற டப்பாக்களில் அது எவ்வளவு இருந்தது, எதோடு கலந்திருந்தது, வாங்கியவர்களில் யார் கர்ப்பமாக இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரே உளிதான். அம்மா கையில் இருந்தால் பால், பழகாத கையில் இருந்தால் காயம்.

பார்லரில் கிரீம் விற்பதை 2017-லேயே நிறுத்திவிட்டேன். ஆனால் வாங்கியவர்களிடம் சொல்லவில்லை. வெட்கம். சண்டைக்கு வருவார்களோ என்ற பயம். “சரக்கு வரதில்ல” என்று மட்டும் சொன்னேன். ஆறு வருடம் அப்படியே ஓட்டினேன்.

2023-ல் கேரளத்துச் செய்தி ஒன்றைப் பார்த்தேன். மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் ஒழுகும் அபூர்வ நோயோடு ஒருவர் பின் ஒருவராக வந்தவர்களைத் துருவியதில், பலரும் வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிய வந்தது. தோல் வழியே இறங்கிய பாதரசம் சிறுநீரகத்தைப் பிடித்திருக்கிறது. அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் அலமாரிக்கு அடியிலிருந்து 555 நோட்டைத் தேடி எடுத்தேன்.

43 பெயர். ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன், போன் செய்தேன். பீடோங், குரூண், பாடாங் செராய், லூனாஸ், ஒருவர் அலோர்ஸ்டார் வரைக்கும் போயிருந்தார். எல்லாரிடமும் ஒரே விஷயம்: “நான் குடுத்த கிரீம் சரியில்ல. இன்னும் பூசினா நிறுத்துங்க. சிறுநீரும் ரத்தமும் ஒருமுறை பாத்துருங்க.” எந்தக் கிரீம் வாங்கினாலும் ‘நோட்’ என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணை, மருந்து, அழகுப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.யின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். எண் இருந்தால் மட்டும் போதாது, ரத்துச் செய்த பட்டியலையும் பார்க்க வேண்டும் என்றேன். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் முகத்தைக் காட்டி அழுதார், என்னுடைய அதே சிலந்தி வலை. ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து, “நீங்க ஒருத்தராவது வந்தீங்களே” என்றார். அது திட்டியதைவிட வலித்தது. ஆறு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நோட்டில் அந்த ஆறு பெயரும் அடிக்கப்படாமல் இருந்தன.

அம்மா 2021-ல் போய்விட்டார். குளிப்பாட்டியபோது முகத்தையும் கையையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். எனக்கு இப்போது 56. கன்னத்துச் சிவப்பு நரம்பு முழுக்கப் போகவில்லை, மங்கு பாதி இருக்கிறது, காலையில் சன்ஸ்கிரீன் பூசும்போது கண்ணோரக் கோடுகளும் தெரிகின்றன. முடிச்சு போட்ட பட்டை எப்படியோ அப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் நான் உளி வைக்கவில்லை.

போன மாதம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார். பழைய தோட்டத்து அக்கா ஒருவர். அந்த ஆறு பேரில் ஒருவர்! சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தங்கச்சி, அந்த மஞ்சக் கிரீம் இன்னும் வச்சிருக்கியா? மக கல்யாணம் வருது, மொகமெல்லாம் மங்கு.”

காய்ப் பையைக் கீழே வைத்தேன். விளக்கு வெளிச்சத்துக்கு அவரை மெல்லத் திருப்பினேன்.

“மொகத்த அப்புறம் பாப்போம்க்கா. முடியத் தூக்கு, கழுத்தக் காட்டு.”